பொன்னே உரைகல்லாக: சார்ச்சி இரசாயனவியலிற் குவாண்ட மின்னியக்கவியல் புகுந்த வரலாறு

பொன்னின் மாற்றை அறிய விரும்பும் பொற்கொல்லன் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றான். கல்லிற் படிந்த கீற்று அப்பொன்னின் தரத்தை ஒளியாது உரைத்துவிடுகின்றது. கடந்த நூற்றாண்டின் பௌதிக, இரசாயன வரலாற்றிலோ இம்முறை தலைகீழாயிற்று. ஆங்கே பொன்னே உரைகல்லாய் அமைந்தது. அதன்மீது உரைக்கப்பட்டவை அறிஞர்தம் கொள்கைகள். மாற்றுக் குறைந்த கொள்கைகள் தம் குறையைப் பொன்னிடத்தே வெளிப்படுத்தின. குறை நீக்கப்பட்டவை ஒளிர்ந்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவர்த்தன அட்டவணையில் வெள்ளியும் பொன்னும் ஒரே நிரலில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பவை. இரண்டின் வெளியோட்டிலும் ஓர் இலத்திரனே உண்டு. அங்ஙனமாயின் வெள்ளி வெண்மையாயிருக்கப் பொன் மஞ்சளாயிருப்பது ஏன்? காட்மியத்தின் கீழே இருக்கும் இரசம் மட்டும் அறை வெப்பநிலையில் நீர்மமாய் ஓடுவது ஏன்? சிறுவனும் கேட்கக்கூடிய இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு மாந்தர் ஐன்ஸ்டைனின் சார்ச்சிக் கொள்கையையும், அதற்கும் அப்பால் வெற்றிடம் என்பது உண்மையில் வெறுமைதானா என்னும் ஆராய்ச்சியையும் துணைக்கொள்ள வேண்டியதாயிற்று என்பது வியப்பன்றோ!

திராக்கின் சமன்பாடும் அவர்தம் கூற்றும்

1926ஆம் ஆண்டில் சுரோடிங்கர் வகுத்த சமன்பாடு, சத்திச் சொட்டு எனப்படும் குவாண்டக் கொள்கையின் வழியே அணுவின் அமைப்பை விளக்கிற்று. ஆயினும் அச்சமன்பாட்டிற் சார்ச்சிக் கொள்கைக்கு இடமில்லை. ஒளியின் வேகத்தை நெருங்கி இயங்கும் துணிக்கைகளுக்கு அது பொருந்தாது. கேம்பிரிச்சிற் பணியாற்றிய போல் திராக் என்னும் இளைஞர் 1928ஆம் ஆண்டில் அக்குறையை நீக்கினார். இரு கொள்கைகளையும் ஒன்றாய்ப் பிணைத்த அவருடைய சமன்பாட்டிலிருந்து, இலத்திரனின் தற்சுழற்சி யாரும் புகுத்தாமலே தானாக வெளிப்பட்டது. அதுவேயன்றி எதிர்ச்சத்தி நிலைகள் என்னும் விசித்திரமான ஒரு விளைவும் அதிலிருந்து தோன்றிற்று. அந்நிலைகளின் பொருளை ஆராய்ந்த திராக், இலத்திரனுக்கு நேரேற்றமுடைய இணைத் துணிக்கை ஒன்று உண்டென 1931இற் கூறினார். 1932இல் அன்டர்சன் விண்கதிர்களிடையே அத்துணிக்கையைக் கண்டார். பொசித்திரன் என்பது அதன் பெயர்.

1929ஆம் ஆண்டிலே திராக் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இரசாயனவியலார் பலரும் எடுத்துக்காட்டும் சிறப்புடையது. இரசாயனவியல் முழுமைக்கும் அடிப்படையான விதிகள் யாவும் அறியப்பட்டுவிட்டன; எஞ்சி நிற்பது, அவ்விதிகளாற் பெறப்படும் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிதச் சிக்கலே என்பது அதன் கருத்து. இதனைப் பலர் நினைவிற்கொண்டனர். ஆனால் அதே கட்டுரையில் அவர் கூறிய பிறிதொன்றை வரலாறு பொய்ப்பித்துவிட்டது. சார்ச்சிக் கொள்கையால் எழும் சிக்கல்கள் மிகு வேகத் துணிக்கைகளுக்கே உரியன. ஆதலின் அணு, மூலக்கூறு ஆகியவற்றின் அமைப்பை ஆராயுமிடத்தும் சாதாரண இரசாயனத் தாக்கங்களை ஆராயுமிடத்தும் அவற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்பது அக்கூற்று. சார்ச்சிச் சமன்பாட்டை ஆக்கியவரே அதன் ஆட்சி இரசாயனத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் எனக் கருதினார். ஆசிரியர் சொல்லியதை மாணாக்கர் மறுப்பரோ? ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அக்கூற்றே பெரும்பாலும் வழக்காய் நின்றது.

இங்கே நம்மவர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ஆம் ஆண்டிலே, தம் பத்தொன்பதாம் வயதில், கேம்பிரிச்சை நோக்கிக் கப்பலேறினார். வெண்குறளி விண்மீன்களின் உள்ளே நெருங்கிக் கிடக்கும் இலத்திரன்கள் ஒளி வேகத்தை அணுகுவன. ஆகவே அங்கே சார்ச்சிக் கொள்கையைப் புறக்கணித்தலாகாது என அவர் அப்பயணத்தின்போதே கணித்துக் கண்டார். 1935இல் எடிங்ரன் என்னும் பேரறிஞர் அம்முடிவை வன்மையாக மறுத்தார். எனினும் முடிவு நிலைத்தது. 1983இல் நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. விண்மீனில் நிகழ்ந்தது போன்றதொரு திருத்தம் அணுவினுள்ளும் நிகழக் காத்திருந்தது.

புறக்கணித்தது திரும்பி வந்த கதை

திராக்கின் சமன்பாட்டைப் பல இலத்திரன்களையுடைய அணுக்களுக்கு விரிக்கும் முறையை 1935ஆம் ஆண்டில் வகுத்தவர் பேர்த்தா சுவேர்ள்ஸ் என்னும் பெண் அறிஞர். ஹாட்றீ என்பார் வகுத்த தன்னிணக்கப் புல முறைக்குச் சார்ச்சி வடிவம் தந்தது அவருடைய கட்டுரை. அதற்கு முன்னரே 1929இல் கிறெகறி பிறைற், இரண்டு இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையில் அவற்றின் இயக்கத்தால் விளையும் காந்தப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளும் வழியைக் கண்டிருந்தார். ஆயினும் கையாற் கணிக்கும் அக்காலத்திலே பாரமான அணுக்களுக்கு இம்முறைகளைப் பயன்படுத்துதல் அரிதினும் அரிதாய் இருந்தது. 1961இல் இயன் கிறான்ற் இதன் கணிதத்தைச் செப்பனிட்டார். இலத்திரனியற் கணிப்பான்கள் பெருகிய பின்னர், 1973ஆம் ஆண்டில் டெக்லோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவர்த்தன அட்டவணையின் மூலகங்களுக்கெல்லாம் சார்ச்சிக் கணிப்பு அட்டவணைகளை வெளியிட்டார். 1979இல் பின்லாந்து நாட்டவரான பெக்கா பியுக்கோவும் டெக்லோவும் ஒருங்கே எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் கெனத் பிற்சர் எழுதிய கட்டுரையும், பாரமான மூலகங்களின் இரசாயனம் சார்ச்சியின்றி விளங்காது என்பதை ஐயமற நிறுவின.

அதன் காரணம் விளங்குதற்கு எளியதே. கருவுக்கு மிக அண்மையிலுள்ள இலத்திரனின் வேகம், அணுவெண்ணை 137ஆற் பிரிக்கக் கிடைக்கும் பின்னத்தை ஒளி வேகத்தாற் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமனாகும். ஐதரசனில் இது ஒளி வேகத்தின் 137இல் ஒரு பங்கே. பொன்னின் அணுவெண் 79. ஆகவே அதன் உள்ளோட்டு இலத்திரன் ஒளி வேகத்தில் 100க்கு 58 பங்கு வேகத்துடன் இயங்குகின்றது. அவ்வேகத்தில் அதன் திணிவு 1.22 மடங்காகின்றது. திணிவு கூடின் ஒழுக்கு சுருங்கும். அணுவின் வெளியோட்டிலுள்ள எஸ் வகை இலத்திரனும் இடையிடையே கருவினருகே புகுந்து மீள்வதால், அதனையும் இச்சுருக்கம் பற்றிக்கொள்கின்றது. எஸ் இலத்திரன்கள் சுருங்கிக் கருவை நன்கு மறைப்பதனால், டி வகை இலத்திரன்கள் பிடி தளர்ந்து சற்று விரிகின்றன. பொன்னிலே இவ்விரு விளைவுகளும் சேர்ந்து, டி நிலைகளுக்கும் எஸ் நிலைகளுக்கும் இடையிலுள்ள சத்தி வேறுபாட்டைக் குறைத்துவிடுகின்றன. அதனாற் பொன் நீல ஒளியை உறிஞ்சுகின்றது. எஞ்சிய ஒளி மஞ்சளாய் நம் கண்ணை அடைகின்றது. வெள்ளியில் அவ்வுறிஞ்சல் கண்ணுக்குப் புலனாகாத கழியூதாப் பகுதியிலே நிகழ்வதால் அது வெண்மையாய்த் தோன்றுகின்றது.

இரசத்தின் வெளியோட்டிலுள்ள இரண்டு எஸ் இலத்திரன்களும் இவ்வாறே சுருங்கி இறுகிப் போனமையால், அண்டை அணுக்களோடு உறவாட அவை எளிதில் இணங்குவதில்லை. பிணைப்பு நலிந்து உலோகம் உருகிவிடுகின்றது. சார்ச்சி விளைவுகளே இரசத்தின் உருகுநிலையை ஏறத்தாழ 105 பாகை தாழ்த்துகின்றன என 2013இற் சுவேர்ட்பேகரும் அவருடன் பணியாற்றியோரும் கணித்துக் காட்டினர். மோட்டார் வண்டியை இயக்கத் தொடங்கும் ஈய மின்கலத்தையும் நோக்குக. அதன் ஒவ்வொரு கலமும் தரும் 2.1 உவோற்றில் 1.7 முதல் 1.8 உவோற்று வரை சார்ச்சியின் கொடையே என 2011இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. இரசாயனத்திற்கு வேண்டாத பொருளெனத் தள்ளப்பட்ட சார்ச்சி, நாள்தோறும் நம் வண்டியை ஓட்டி வந்திருக்கின்றது!

வெற்றிடத்தின் அசைவு

இனி மற்றொரு கிளையைக் காண்போம். திராக்கின் சமன்பாட்டின்படி ஐதரசன் அணுவின் இரண்டாம் ஓட்டிலுள்ள இரு குறிப்பிட்ட நிலைகள் ஒரே சத்தியை உடையனவாதல் வேண்டும். போர்க்காலத்தில் வளர்ந்த நுண்ணலைத் தொழினுட்பத்தைக் கைக்கொண்டு, 1947ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வில்லிஸ் இலாம் என்பவரும் றொபேட் றெதபோட் என்பவரும் அவ்விரு நிலைகளையும் அளந்தனர். அவை ஒன்றல்ல, ஏறத்தாழ 1000 மெகா ஏட்சு மீடிறனுக்குரிய வேறுபாடு அவற்றிடையே இருந்தது. இதுவே இலாம் பெயர்ச்சி எனப்படுவது. பின்னர் நிகழ்ந்த நுட்பமான அளவீடுகள் அதனை ஏறத்தாழ 1058 மெகா ஏட்சு எனக் காட்டின.

அவ்வாண்டு யூன் மாதத் தொடக்கத்திலே நியூயோர்க்கை அடுத்த செல்ரர் தீவில் அறிஞர் சிலர் கூடி இவ்வளவீட்டை ஆராய்ந்தனர். இலத்திரன் தானே ஒளித்துணிக்கையை உமிழ்ந்து தானே அதனை மீள விழுங்குதல் கூடும் என்னும் கருத்து முன்னரே இருந்தது. ஆனால் அதன் சத்தியைக் கணிக்கப் புகுந்தபோதெல்லாம் விடை முடிவிலியாகவே வந்தது. கூட்டம் முடிந்து செனெக்ரடிக்குப் புகைவண்டியிற் சென்ற ஹான்ஸ் பெதே, அப்பயணத்திலேயே ஒரு வழி கண்டார். கட்டற்ற இலத்திரனுக்கும் அதே முடிவிலி உண்டு. அது நாம் அளக்கும் திணிவினுள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆகவே கட்டுண்ட இலத்திரனின் விடையிலிருந்து அதனைக் கழித்துவிடின் எஞ்சுவதே உண்மையான பெயர்ச்சி என்பது அவ்வழியின் சாரம். அவ்வாறு கழித்தபோது 1040 மெகா ஏட்சு என்னும் விடை கிடைத்தது. அளவீட்டோடு அது ஒத்தது. சுவிங்கர், பைன்மன், தொமொனாகா ஆகியோர் இவ்வழியைச் சார்ச்சிக்கு இணங்கிய முழுக் கொள்கையாக வளர்த்தனர். 1949இல் டைசன் அவர்தம் முறைகள் ஒன்றேயெனக் காட்டினார். குவாண்ட மின்னியக்கவியல் என்பது அக்கொள்கையின் பெயர். இலாம் 1955இலும், ஏனைய மூவரும் 1965இலும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கொள்கை அணுவில் விளைவிக்கும் திருத்தங்களுள் இரண்டு தலையாயவை. முதலாவது, இலத்திரனின் தற்சத்தி. வெற்றிடம் முற்றும் வெறுமையன்று; அங்கே மின்காந்தப் புலம் ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றது. அவ்வசைவால் இலத்திரனும் நடுங்குகின்றது. நடுங்கும் இலத்திரன் ஒரு புள்ளியில் நில்லாது சிறிது பரந்து நிற்பதால், கருவின் கவர்ச்சி அதற்குச் சற்றே குறைகின்றது என 1948இல் வெல்ரன் எளிமையாய் விளக்கினார். இரண்டாவது, வெற்றிட முனைவாக்கம். கருவின் வலிய புலத்திலே இலத்திரன், பொசித்திரன் இணைகள் கணப்பொழுது தோன்றி மறைந்து கருவின் ஏற்றத்தைச் சிறிது போர்த்துகின்றன. அப்போர்வைக்குள் புகும் இலத்திரன் சற்றே வலிய கவர்ச்சியை உணர்கின்றது. இதனை 1935ஆம் ஆண்டிலேயே யூலிங்கும் சேபரும் கணித்திருந்தனர். முன்னது பிணைப்பைத் தளர்த்த, பின்னது அதனை இறுக்குகின்றது. இரண்டனுள் முன்னதே வலியதாதலால், மொத்தத்திற் பிணைப்புத் தளர்கின்றது.

ஐதரசனில் இவ்விளைவு மிகச் சிறியது. ஓர் இலத்திரன் உவோற்றின் பத்து இலட்சத்தில் நான்கு பங்கு அளவினதே. ஓர் இரசாயனப் பிணைப்பின் சத்தியோ பல இலத்திரன் உவோற்று. இத்துணைச் சிறிய பொருளால் இரசாயனவியலாருக்கு ஆவதென்ன என வினவுதல் இயல்பே. ஆனால் இவ்விளைவு அணுவெண்ணின் நான்காம் அடுக்கிற்கு ஏறத்தாழ விகிதசமமாய்ப் பெருகுவது. ஓர் இலத்திரன் மட்டும் எஞ்சிய யுரேனிய அயனின் உள்ளோட்டு நிலைக்குரிய முழுப் பெயர்ச்சியை 2005இல் யேர்மனியின் டாம்ஸ்ராற் ஆய்வுகூடத்தார் 460 இலத்திரன் உவோற்று என அளந்தனர். வழு ஏறத்தாழ 5 உவோற்று. கொள்கை தரும் விடை ஏறத்தாழ 464. அதிலே தற்சத்தியின் பங்கு 355. வெற்றிட முனைவாக்கத்தின் பங்கு அதற்கு எதிராக 89. எஞ்சியதிற் பெரும்பகுதி கருவின் பருமனால் விளைவது. பத்து இலட்சத்தில் நான்காய் இருந்தது நூற்றுக்கணக்காய் வளர்ந்துவிட்டது.

இரு கிளைகளின் சந்திப்பு

ஆயினும் இவ்விரு கிளைகளையும் மூலக்கூறுகளிலே ஒன்றுசேர்த்தல் எளிதாய் இருக்கவில்லை. அதற்குத் தடைகள் பல. திராக்கின் சமன்பாட்டிலுள்ள எதிர்ச்சத்தி நிலைகள் முதற்றடை. இரு இலத்திரன்களுக்கு அச்சமன்பாட்டை நேரே எழுதினால், ஒன்று எதிர்ச்சத்திக் கடலுள் வீழ மற்றொன்று வெளியேறி ஓடிவிடலாம். உறுதியான அணுவே நிலைக்காது என 1951இல் பிறவுனும் றேவன்ஹோலும் காட்டினர். அந்நோய்க்கு இரசாயனவியலார் கண்ட மருந்து, எதிர்ச்சத்தி நிலைகளைக் கணிப்பிலிருந்து விலக்கிவிடுதல். அம்மருந்து பயனளித்தது, ஆனால் அதனோடு இணைகள் தோன்றி மறையும் விளைவும் கணிப்பை விட்டு நீங்கிற்று. ஆகவே குவாண்ட மின்னியக்கவியற் றிருத்தம் என்பது, நோயைத் தீர்க்கும்பொருட்டு வெட்டி எறிந்ததில் நலமான பகுதியை மீளக் கொணர்ந்து சேர்ப்பதேயாகும்.

இரண்டாந் தடை கணிதம் பற்றியது. இலேசான அணுக்களில் அணுவெண்ணை 137ஆற் பிரித்து வரும் சிறு பின்னத்தின் அடுக்குகளாக விடையை விரித்து, முதற் சில உறுப்புக்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பொன்னில் அப்பின்னம் 0.58, அங்கே அவ்வாறு நிறுத்துதல் பொருந்தாது. 1974இல் பீற்றர் மோர் அவ்விரிவை நாடாது, அணுவெண் 10 முதல் 110 வரையுள்ள ஒற்றை இலத்திரன் அயன்களின் தற்சத்தியை முழுமையாய்க் கணித்தார். ஆனால் நூற்றுக்கணக்கான இலத்திரன்களும் பல கருக்களும் உள்ள மூலக்கூறுக்கு அதே கணிப்பைச் செய்தல் இயலாத செயல். வெற்றிட முனைவாக்கத்தை ஒரு சாதாரண அழுத்தச் சார்பாய்ச் சமன்பாட்டிற் சேர்த்துவிடலாம். தற்சத்தியோ அவ்வாறு ஒரு புள்ளியிற் கட்டுப்பட்டு நிற்பதன்று.

1998ஆம் ஆண்டிலே பியுக்கோ, தொக்மன், லப்சொவ்ஸ்கி ஆகியோர், கார உலோகங்கள், செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றின் வெளியோட்டு இலத்திரனில் இவ்விளைவு எவ்வளவு என மதிப்பிட்டனர். பாரமான அணுக்களிற் சார்ச்சி விளைவின் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கை அது குறைக்கின்றது என்பது கிடைத்த விடை. நூற்றிலொன்று சிறிதெனத் தோன்றலாம். ஆனால் பொன்னின் அயனாக்கற் சத்தியைச் சார்ச்சி ஏறத்தாழ 2 இலத்திரன் உவோற்று உயர்த்துகின்றது. அதன் நூற்றிலொன்று 0.02 உவோற்று. சாதாரண இரசாயனக் கணிப்புக்கு வேண்டிய செம்மை ஏறத்தாழ 0.04, திருசியவியலாரோ அதனினும் பன்மடங்கு நுண்மையாய் அளக்கின்றனர். அவர்கட்கு 0.02 என்பது மலையளவு. 2001இல் பியுக்கோவும் வேறு சிலரும் நீர் மூலக்கூறின் அதிர்வுத் திருசியத்திலும் இப்பெயர்ச்சியை மதிப்பிட்டு, மிக உயர்ந்த செம்மையை நாடுமிடத்து நீரிற்கூட இதனைப் புறக்கணித்தலாகாது என எடுத்துக்காட்டினர்.

இதன் பின்னரே தற்சத்தியை எளிய மாதிரி அழுத்தங்களாற் பதிலீடு செய்யும் முயற்சிகள் வலுப்பெற்றன. 2003இல் பியுக்கோவும் சாவோவும், 2005இல் பிளாம்பவும் என்பாரும் ஜிஞ்சஸ் என்பாரும், 2013இல் ஷபாயெவ், துபித்சின், யெரோகின் ஆகியோரும் வெவ்வேறு மாதிரிகளை வகுத்தனர். ஒற்றை இலத்திரன் அயன்களுக்கு முழுமையாய்க் கணித்துப் பெற்ற விடைகளை மீளத் தருமாறு அமைக்கப்பட்டவை அவை. இவ்விளைவுகள் கருவுக்கு மிக அண்மையிலேயே தோன்றுவன. அவ்விடத்தில் அயலணுவின் தாக்கம் மிக அற்பம். ஆதலால் அணுவுக்கெனச் செய்த மாதிரி மூலக்கூறுக்கும் பொருந்துகின்றது. 2022இல் சுனாகா, சல்மான், சவுயே ஆகியோர் இத்தகைய அழுத்தங்களைத் திராக் சமன்பாட்டின் நான்கு கூறுகளையும் கைக்கொள்ளும் மூலக்கூற்றுக் கணிப்பு முறையினுள் அமைத்தனர்.

ஆவர்த்தன அட்டவணையின் எல்லையிலே இத்திருத்தத்தின் இன்றியமையாமை இன்னும் தெளிவாய்ப் புலப்படும். 118ஆம் மூலகம் அருமந்த வாயுக்களின் நிரலில் நிற்பது. 2016இல் ஒகனெசன் எனப் பெயரிடப்பட்டது. அருமந்த வாயுக்கள் மிகையான இலத்திரனை ஏலா என்பது நாம் பள்ளியிற் கற்ற பாடம். ஆனால் சார்ச்சியின் விளைவால் 118ஆம் மூலகம் ஓர் இலத்திரனை ஏற்றுக்கொள்ளும் என 1996இல் எலியாவ், கால்டோர் முதலியோர் கணித்தனர். அதன் பிணைப்புச் சத்தியோ மிகவும் நொய்தானது. 2003இற் செய்த கணிப்பின்படி குவாண்ட மின்னியக்கவியல் அதனை ஏறத்தாழ 9 வீதம் குறைக்கின்றது. பெரிய சத்திகள் ஒன்றையொன்று கழித்துச் சிறியதே எஞ்சி நிற்குமிடத்தில், நுண்ணிய திருத்தமும் தீர்ப்பை மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பொன்னின் தீர்ப்பு

இனி நாம் தொடங்கிய பொன்னிடத்தே மீள்வோம். பொன்னணுவிலிருந்து ஓர் இலத்திரனை நீக்க வேண்டிய சத்தி 9.2256 இலத்திரன் உவோற்று எனவும், அவ்வணு ஓர் இலத்திரனை ஏற்கும்போது வெளிவிடும் சத்தி 2.3086 உவோற்று எனவும் பரிசோதனையாளர் நுட்பமாய் அளந்திருந்தனர். சார்ச்சியைச் சேர்த்துக் கணித்தோர் இவ்வெண்களை நெருங்கினர், ஆனால் எட்டினாரல்லர். ஓர் உவோற்றின் நூற்றிற் சில பங்கு வேறுபாடு நெடுங்காலம் நீங்காது நின்றது. அவ்வேறுபாட்டின் பொருள் யாது? அளவீடு பிழையா? கணிப்பு முறை குறையுடையதா? அன்றி அடிப்படை விதிகளிலேயே ஏதேனும் விடுபட்டதா? இவ்வினா பொன்னொன்றைப் பற்றியது மட்டுமன்று. இரசாயனத்தின் விதிகள் யாவும் அறியப்பட்டுவிட்டன என்ற திராக்கின் முதற்கூற்றே இங்கு உரைகல்லில் வைக்கப்பட்டிருந்தது.

2017ஆம் ஆண்டில் பாஷ்தெகா, எலியாவ், போர்சேவ்ஸ்கி, கால்டோர், சுவேர்ட்பேகர் ஆகிய ஐவரும் இவ்வழக்கைத் தீர்த்தனர். அவர்தம் முறை குறிப்பிடத்தக்கது. விடுபட்டதெல்லாம் குவாண்ட மின்னியக்கவியலே எனக் கூறி அவர் அமைந்துவிடவில்லை. இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகி இயங்கும் தொடர்பை, ஐந்து இலத்திரன்கள் ஒருங்கே கிளர்ந்தெழும் நிலைகள்வரை எண்ணினர். பிறைற் கண்ட காந்த விளைவைச் சேர்த்தனர். தற்சத்தியையும் வெற்றிட முனைவாக்கத்தையும் சேர்த்தனர். ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டியபோது, விடை பரிசோதனையோடு ஓர் உவோற்றின் ஆயிரத்திற் சில பங்கு அளவுக்குள் ஒத்துவிட்டது. புதிய விதி எதுவும் வேண்டப்படவில்லை. அறிந்த விதிகளை முற்றாகக் கணிக்காமையே குறையாய் இருந்தது.

இதனால் திராக்கின் இரு கூற்றுக்களுக்கும் தீர்ப்புக் கிடைத்தது. விதிகள் அறியப்பட்டுவிட்டன என்ற முதற்கூற்று, 1947இற் கண்ட திருத்தத்தோடு சேர்த்துக் கொள்ளுமிடத்து, பொன்னின் சோதனையில் நின்றுவிட்டது. சார்ச்சியை இரசாயனத்திற் பொருட்படுத்த வேண்டா என்ற இரண்டாங் கூற்று அச்சோதனையில் மாற்றுக் குறைந்தது. சார்ச்சி மட்டுமன்று, அதன் நூற்றிலொரு பங்கான வெற்றிடத்தின் அசைவும் வேண்டப்பட்டது.

இத்தகைய செம்மையால் ஆவதென்ன என்பார்க்கு ஒரு விடை உண்டு. ரேடியமும் புளோரினும் சேர்ந்த ரேடியம் ஒற்றைப்புளோரைட்டு என்னும் கதிர்த்தொழிற்பாட்டு மூலக்கூறு, இயற்கையின் சமச்சீர்மை எங்கேனும் முறிகின்றதா என ஆராய்தற்குச் சிறந்த கருவியாகக் கருதப்படுகின்றது. சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்திற் செய்த அதன் முதல் இலேசர்த் திருசிய அளவீடு 2020இல் வெளிவந்தது. 2025இல் வெளிவந்த ஆய்வொன்று, அம்மூலக்கூறின் 14 கிளர்ந்த நிலைகளை அளந்து கணிப்போடு ஒப்பிட்டது; ஒவ்வொரு நிலையிலும் ஒப்புமை 99.64 வீதத்திற்கு மேற்பட்டது. அந்நிலைகள் அனைத்திலும் குவாண்ட மின்னியக்கவியற் றிருத்தம் பொருட்படுத்தத் தக்கதெனவும் அவ்வாய்வு கண்டது. புதியதொரு விசையைத் தேடுவோர், பழைய விசைகள் விளைப்பதை ஐயமற அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததன் எல்லை தெளிவாகாதவிடத்து அறியாததன் சுவடு தெரியாது.

சிறிது என்னும் காரணத்தால் ஒன்றைத் தள்ளுமுன்னர், அது எவ்வளவு சிறிது என அளந்தறிதல் கற்றார்க்குரிய கடன். ஓர் அறிஞரின் பெருமை நோக்கி அவர் தள்ளியதையும் தள்ளுதல் கற்றலாகாது. ஐதரசனிற் பத்து இலட்சத்தில் நான்காய் ஒளிந்திருந்த ஒன்று, யுரேனியத்தில் நூற்றுக்கணக்காய் எழுந்தது. பொன்னிலே ஒரு நெடிய வழக்கைத் தீர்க்கும் சாட்சிகளுள் ஒன்றாயிற்று. நம் அன்னையர் காதிலும் கழுத்திலும் மின்னும் மஞ்சட் பொன்னை இனிக் காணும்போது, அதன் நிறத்திற் சார்ச்சிக் கொள்கை ஒளிர்வதையும், அதன் அணுவினுள்ளே வெற்றிடம் ஓயாது அசைவதையும் மாணாக்கர் நினைவிற் கொள்வாராக.